நீவிவிடும் கை

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற சாலையில் காலை வேளைகளில் நடப்பது என் வழக்கம். உடம்புக்காக நடக்கிறேன் என்று வீட்டில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், எண்ணிக்கொண்டு போகட்டும். கதை எழுதுகிறவனுக்கு வேடிக்கை பார்ப்பதும் ஒரு தொழில்தான். அதற்குக் கூலி இல்லையே தவிர, வேலை என்னவோ உண்டு.

அந்தச் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதில் மூன்று குதிரைகள். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கடற்கரைக்குப் போய்க் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நாலு சுற்று வரும். குதிரைகளுக்குச் சொந்தக்காரர் வேறு எங்கேயோ இருக்கிறார். பார்த்துக்கொள்கிறவர் எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர். ஊரார் எல்லோருக்கும் அவர் 'பாய்', எனக்கும் அப்படியே. சின்னப் பையனாகக் கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்து, குதிரை தேய்த்துத் தேய்த்தே தலை நரைத்தவர்.

நான் சிறுவனாக இருந்தபோது தாம்பரம் ரயிலடி வாசலில் ஜட்கா வண்டிகள் நிற்கும். அவற்றில் ஒரு வண்டிக்காரர், சாயங்காலம் குதிரையை அவிழ்த்துவிட்டதும் தாம் டீ குடிக்கப் போகமாட்டார். வைக்கோலைப் பிரியாக முறுக்கி எடுத்துக்கொண்டு, குதிரையின் முதுகிலும் விலாவிலும் பளபளவென்று வரும்வரை தேய்ப்பார். அதற்கப்புறம்தான் அவருக்குத் தாகம் ஞாபகம் வரும். அந்தக் காட்சி என் மனசில் தங்கிப்போனதால்தானோ என்னவோ, பாயோடு எனக்குச் சுலபமாகச் சிநேகம் ஏற்பட்டுவிட்டது.

சில வருஷங்களுக்கு முன், ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்திருந்த சமயம். ராணி என்ற வெள்ளைப் பெண்குதிரையை அவர் கொட்டகைக்கு வெளியே நடத்திக்கொண்டிருந்தார். நடையில் ஏதோ கோளாறு. இடது பின்னங்காலின் குளம்பு நுனி மணலைச் சீய்த்துக்கொண்டே வந்தது. திருப்பியபோது இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கள் குடித்தவனைப் போல ஒரு தள்ளாட்டம்.

"சுளுக்கு சார்" என்றார் பாய். "போன முகூர்த்தத்துல பேண்டு சத்தத்துக்கு மிரண்டுச்சு. இடுப்புப் பிடிச்சுக்கிச்சு."

இந்த இடத்தில் என் வலது தோளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஐந்து மாதம் முன்னால் என் தோள் பூட்டு இறுகிப்போய், சட்டை மாட்டுவதற்கு மனைவியின் உதவி தேவைப்பட்டது. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நம் பேட்டைக்காரர்களுக்குச் சுருக்கமாக 'சித்தா ஆஸ்பத்திரி.' அங்கே போனேன். தொக்கணம் என்று சொன்னார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று நம் முன்னோர் அதை ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எண்ணெய் பூசி, சில வாரம் பிடித்துவிட்டதில் கை தலைக்கு மேல் போயிற்று. அன்றிலிருந்து நான் தொக்கணத்தின் பிரசாரகன் ஆகிவிட்டேன். ஒருவனுக்கு ஒரு வைத்தியம் பலித்துவிட்டால் அவனைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது.

மறுநாள் நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, ஒரு பாட்டில் நிறைய எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பாய்க்கு என் தோளைச் சுழற்றிக் காட்டினேன். மனுஷனுக்குப் பலிப்பது குதிரைக்குப் பலிக்காதா என்று பேசினேன். அவருக்கு அது புதிய சங்கதி அல்ல. குதிரை லாயங்களில் மாலிஷ் இல்லாத நாள் ஏது? ஆனாலும் படித்தவர் சொல்கிறார், பணம் வாங்காமல் எண்ணெயும் கொடுக்கிறார் என்ற மரியாதையில் கேட்டுக்கொண்டார்.

பதினெட்டு நாள் அவர் நீவிவிட்டார். நான் பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது பார்க்கவேண்டிய காட்சி. முதலில் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிடரி முடிகிற இடத்திலிருந்து தொடங்கி, முதுகுத்தண்டுக்கு இருபுறமும் உடம்பின் முழுப் பாரத்தையும் கையில் இறக்கி, மெல்ல மெல்ல இடுப்புக்கு வருவார். ராணியின் கீழுதடு தொங்கிப்போகும். கண் பாதி மூடும். ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு அவர் பக்கமாகச் சாயும்.

"இன்னிக்குத் தேவலை சார்" என்பார் பாய்.

"ஆமாம், தேவலைபோலத்தான் இருக்கிறது" என்பேன் நான்.

பத்தொன்பதாம் நாள் காலை ராணி எழுந்திருக்கவில்லை. முன்கால்களை ஊன்றி, நாய் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தது.

அந்தப் பதினெட்டு நாளும் நாங்கள் செய்தது என்ன? இந்தக் கேள்வி வெகு நாளாக என்னை விடவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் ஒரு பெண் கால்நடை வைத்தியர் ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசு, என் பேத்தியாக இருக்கலாம். குதிரையின் முதுகில் பேனா முனையால் அங்கங்கே குத்திப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார்; அது துவண்டு விழுந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டார். 'சுர்ரா' என்ற காய்ச்சலிலும் பின்னங்கால் தள்ளாடுமாம். கிரிஃபித் இவான்ஸ் என்ற வெள்ளைக்கார வைத்தியர் 1880-இல் பஞ்சாபில் குதிரைகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த கிருமியால் வருவது அது. அது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கும்ரியாக இருக்கலாம் சார்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பாயின் முகம் மாறியது. லாயத்துக்காரர்கள் அறிந்த பழைய பெயர் அது. பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு. இடுப்பு விழுந்துபோகிற நோய்க்கு அந்த வழியில் வந்த பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் குதிரைகளையும் ஆடுகளையும் அது வெகு காலமாக வீழ்த்தி வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். மாட்டின் வயிற்றறைக்குள், குடலுக்கு வெளியே, நூல் போன்ற ஒரு வெள்ளைப் புழு குடியிருக்கிறது. சேட்டேரியா டிஜிட்டேட்டா என்று அதற்குப் பெயர். மாட்டுக்கு அதனால் பெரிய உபத்திரவம் கிடையாது. மாடும் புழுவும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வாழ்கின்றன. புழுவின் குஞ்சுகள் மாட்டு ரத்தத்தில் மிதக்கும். கொசு அதைக் குடித்து, அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகும். அந்தக் கொசு தவறிப்போய்க் குதிரையைக் கடித்தால்தான் வினை. புழுக்குஞ்சுக்குக் குதிரையின் உடம்பில் வழி தெரிவதில்லை. ஊர் மாறி இறங்கிவிட்ட பிரயாணியைப் போல அலைகிறது; அலைந்து அலைந்து முதுகுத்தண்டின் நரம்புக்குள் புகுந்துவிடுகிறது. அது போன தடமெல்லாம் நரம்பு நாசம்.

முடிச்சூர்ப் பக்கத்து மழையையும் தேங்கும் தண்ணீரையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அந்தப் பகுதி எப்படி மூழ்கியது என்பதைத் தேசமே பார்த்தது. மழை ஓய்ந்ததும் கொசு. கொட்டகைக்கு அடுத்த மனையிலேயே நாலு எருமையும் இரண்டு பசுவும். எல்லாம் கண்முன்னால் இருந்தன. நாங்கள் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தோம்.

என் எண்ணெய் தோலையும் கடந்து சதைக்குள் இறங்கிற்று என்றே வைத்துக்கொள்வோம். எலும்புக் கூட்டுக்குள் துளைத்துக்கொண்டிருந்த புழுவுக்கு அதனால் என்ன? குதிரையின் நடை கெடுவதற்குக் குளம்பு காரணமாக இருக்கலாம், மூட்டு காரணமாக இருக்கலாம், சதை காரணமாக இருக்கலாம், நரம்போ மூளையோ காரணமாக இருக்கலாம். கை எட்டுவது சதை வரையில்தான். மேல்நாட்டுக் குதிரைகளுக்கு 'ஷிவர்ஸ்' என்றொரு வியாதி உண்டு. பின்னால் நட என்றால் பின்னங்கால் தூக்கியபடி நடுங்கும். எவ்வளவோ காலம் அதைச் சதைக் கோளாறு என்றே சந்தேகித்து வந்தார்கள். 2015-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிறுமூளையில் சில நரம்பிழைகள் சிதைந்திருப்பதைக் காட்டினார்கள். நடுங்குவது தொடை, கோளாறு தலையில். தொடையைப் பிடித்துவிடுகிறவரை நாம் குறை சொல்ல முடியுமா? நடுக்கம் அங்கேதானே தெரிகிறது!

சரி, அப்படியானால் குதிரையை நீவிவிடுவதே வீண் வேலையா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உண்மையும் அது அன்று. ஓடிக் களைத்த குதிரையின் சதையைத் தேய்த்துவிடுவதும், லாயத்தில் நின்று நின்று வீங்கிப்போன காலை உருவிவிடுவதும் பலன் தருகிற காரியங்கள்தான். அமெரிக்காவில் ஜாக் மீகர் என்பவர் விளையாட்டு வீரர்களுக்குச் செய்வது போலக் குதிரைகளுக்கும் பிடித்துவிடுவதை ஒரு முறையாக வகுத்தார். கானடாவில் பிறந்த லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ் என்ற அம்மாள், மோஷே ஃபெல்டன்கிரைஸ் மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்த உடலசைவுப் பயிற்சியை 1970-களில் அவரிடம் பயின்று, அதைக் குதிரைகளுக்கு மாற்றினார். விரல் நுனியால் தோலில் சிறு சிறு வட்டம் போடுகிற வித்தை அவருடையது. நம் பாய் இவர்கள் பெயரைக் கேட்டதில்லை. சொன்னபோது, "பரவாயில்லையே, வெள்ளைக்காரங்களும் தேய்க்கிறாங்களா?" என்று சந்தோஷப்பட்டார்.

இன்னொன்றும் உண்டு. 1993-இல் பிரான்சு தேசத்துக் காமார்க் குதிரைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் பிடரியின் அடி, தோளுக்குச் சற்று முன்னே. அங்கே கையால் சொறிந்துவிட்டால் குதிரையின் இருதயத் துடிப்பு இறங்கிற்று. வேறு இடத்தில் சொறிந்தால் இறங்கவில்லை. ஆக, ராணி கண்ணை மூடிக்கொண்டது நடிப்பல்ல. பாயின் கை அதற்குச் சுகத்தைத்தான் கொடுத்தது. அந்தச் சுகம் மெய்.

அப்படி மெய்யாக இருந்ததுதான் எங்களை ஏமாற்றிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றுமே இல்லாத வெறும் பொய்யை நாம் சீக்கிரம் கண்டுகொள்வோம். சுகமாக இருக்கிறது என்ற ஒரு நிஜத்தை, குணமாகிறது என்ற இன்னொன்றின் நாற்காலியில் உட்கார்த்திவிட்டோம். என் தோளைப் பிடித்துவிட்டவர் நாலு தரம் கேட்டார்: "வலிக்குதா? இங்கேயா? கை எவ்வளவு தூரம் போகுது?" நான் பதில் சொன்னேன். ஒரு நாள், "நேற்றைவிட மோசம்" என்றுகூடச் சொன்னேன். அவர் முறையை மாற்றினார். ராணியை யார் கேட்டார்கள்? கேட்டாலும் அது என்ன சொல்லும்? அதன் பெருமூச்சுக்கு நாங்களே உரை எழுதினோம். பேசத் தெரியாத ஜீவனின் மௌனம் எவ்வளவு வசதியான நற்சாட்சிப் பத்திரம் பாருங்கள்! யார் பெயரை வேண்டுமானாலும் அதில் நிரப்பிக்கொள்ளலாம்.

இது என் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2012-இல் அமெரிக்காவில் மூட்டு வாதம் கொண்ட நாய்களை வைத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு ஒன்று வெளிவந்தது. மருந்தே இல்லாத வெறும் உருண்டையைக் கொடுத்துவிட்டு, நாய் ஒவ்வொரு காலிலும் எவ்வளவு பாரத்தை ஊன்றுகிறது என்பதைத் தரையில் பதித்த யந்திரத்தால் அளந்தார்கள். யந்திரம் மாற்றமில்லை என்று காட்டியபோதும், நாயை வளர்த்தவர்கள் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 'தேவலை' என்றார்கள். படித்த வைத்தியர்களும் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத தடவைகளில் அப்படியே சொன்னார்கள். நாயிடம் அன்பில்லாதவன் இப்படிச் சொல்லியிருக்கமாட்டான். அன்புதான் சொல்லவைத்தது.

குதிரை விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல். நாம் அதைப் படிப்பதைவிட அது நம்மை நன்றாகப் படிக்கிறது. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற கணக்கு வாத்தியார் 'ஹான்ஸ்' என்ற குதிரைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டும் மூன்றும் எத்தனை என்றால் குளம்பால் ஐந்து தரம் தட்டும். ஊரே அதிசயித்தது. ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் நிதானமாகச் சோதித்து 1907-இல் மர்மத்தை வெளியிட்டார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்டவருடைய தலை, அவர் அறியாமலே, இம்மியளவு அசைகிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடுகிறது. வாத்தியார் மோசக்காரர் அல்ல. அவர் மனப்பூர்வமாக நம்பினார். அந்த நம்பிக்கையையே குதிரை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. 'இன்று தேவலையாக இருக்க வேண்டுமே' என்று கல்லின்மேல் உட்கார்ந்திருந்த என்னையும் ராணி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். எங்கள் முகம் மலர்ந்த காலைகளில் அது சற்று நிமிர்ந்து நடந்ததோ என்னவோ!

வாயில்லாத பிராணியின் பெயரால் நாம் பேசுவது புது வழக்கம் இல்லை. சென்னையில் 1777-இலேயே தொடங்கிய குதிரைப் பந்தயத்தைத் தமிழக அரசு 1974-இல் சட்டம் போட்டு ஒழிக்கப் பார்த்தது. 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு, பந்தயத்தின் வெற்றி குதிரையின் பயிற்சியையும் ஓட்டுகிறவரின் திறமையையும் பொறுத்தது, வெறும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததல்ல என்று தீர்ப்புச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துச் செய்து கிண்டி மைதானத்தின் வாசலுக்குச் சீல் வைத்தது. ஒவ்வொன்றிலும் நியாயம் பேச வக்கீல்கள் இருந்தார்கள். குதிரை கட்சிக்காரராகச் சேர்க்கப்படவில்லை. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எப்படிச் சேர்ப்பது என்று எனக்கும் தெரியாது.

13-ஆம் நூற்றாண்டின் முடிவில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். அரச சகோதரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வருஷந்தோறும் அரபுக் குதிரைகளை வாங்குவார்களாம். வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. குதிரை விற்க வருகிற வியாபாரிகளோ குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் விற்பனை! போலோ கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வியாபாரிகளின் மனசு எனக்குப் புரிகிறது. நமக்கு ஆதாயம் இருக்கிற இடத்தில் அறியாமையை அப்படியே விட்டுவைப்பது எளிது. எனக்குப் பண ஆதாயம் இல்லை. ஆனால் என் வைத்தியம் பலிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதுவும் ஆதாயம்தான்.

பெண் வைத்தியர் நாங்கள் எதிர்பார்த்த மாதிரி எங்களைத் திட்டவில்லை. "முதல் வாரத்திலேயே கூப்பிட்டிருந்தால் நல்லது" என்று மட்டும் சொன்னார். "கும்ரிதான் என்று நிச்சயமா டாக்டர்?" என்று கேட்டேன். "நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால், செத்த பிறகு தண்டுவடத்தை அறுத்துப் பார்த்துப் புழுவைக் காட்ட வேண்டும் சார். இப்போது இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும்" என்றார். இத்தனை படித்தவர் 'இருக்கலாம்' என்கிறார். பதினெட்டு நாளும் நான் 'நிச்சயம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கொடுத்த மருந்து டை எதில் கார்பமசின். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாக வந்து கொடுப்பார்களே, அதே மருந்து. எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற தெலுங்கர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அமெரிக்காவுக்குப் போய் அவர் தலைமை தாங்கிய ஆராய்ச்சிசாலையில் 1947-வாக்கில் உருவானது. அது புழுவைக் கொல்லும். புழு போன தடத்தில் அறுந்த நரம்பை ஒட்டவைக்காது.

அன்று சாயங்காலம் பாய் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். வைக்கோலைப் பிரித்துப் பரப்பிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மூணாம் நாளே கைக்குத் தெரிஞ்சுது சார். வலப்பக்கம் அழுத்தினா தோல் துடிக்குது. இடப்பக்கம் சும்மா கெடக்குது. சுளுக்குன்னா ரெண்டும் துடிக்கணும்."

"ஏன் பாய் அப்பவே சொல்லவில்லை?"

"நீங்க தேவலைன்னு சொன்னீங்களே சார்."

நான் அந்த இடத்தை விட்டு எழுந்து, எருமைகள் கட்டியிருந்த மனைப்பக்கம் கொஞ்ச நேரம் போய் நின்றேன்.

ஐம்பது வருஷம் குதிரையைத் தொட்ட கை கண்டுபிடித்துவிட்டது. ஒரு நாளும் தொடாத என் வாய் அதை அடக்கிவிட்டது. நீவுவதன் முதல் பயன் அறிவது என்று அன்று எனக்குப் பட்டது. வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்னால், எங்கே சூடு, எங்கே வீக்கம், எங்கே உணர்ச்சி இல்லை என்று கை கண்டு சொல்லிவிடுகிறது. அந்தச் சேதியை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால், நீவுவதே பாதி வைத்தியம். சேதி வருமுன்பே முடிவு கட்டிவிட்டவனுக்கு அது வெறும் எண்ணெய்ச் செலவு.

சானடோரியம் ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு நினைவும் வரும். அங்கே காசநோய் ஆஸ்பத்திரியை டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கியபோது அந்த நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, ஆதரவாக ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940-களில். பிறகு 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஒரே மருந்தைக் கொடுத்து நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களை அவர்களுடைய நெரிசலான ஏழை வீடுகளுக்கே அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம். காற்றும் ஓய்வும் பாலும் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை, குணமாக்கியது மருந்து.

அப்படியென்றால் 1928-இலிருந்து மருந்து வரும்வரை அந்தத் தோப்பில் நோயாளிகளின் நெற்றியைத் தடவிக் கொடுத்த நர்சுகள் செய்தது பொய்யா? ஒருக்காலும் இல்லை. மருந்தில்லாத காலத்தில் அந்தக் கைதான் இருந்தது, இருந்ததைக் கொடுத்தார்கள். மருந்து வந்த பிறகும் ஒருவன், 'காற்று போதும், மருந்து வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அவனை என்னவென்று சொல்வது? நானும் பாயும் ராணிக்குச் செய்தது எந்த வகை? இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் வைத்தியரின் ஸ்கூட்டர் அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது. 1903-இல் 'டாபின் ஹால்' என்ற கட்டடத்தில் இருபது மாணவர்களோடு சென்னையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, நூறு வருஷத்துக்கு மேலாக இதே ஊரில் நடந்துகொண்டிருக்கிறது. (டாபின் என்பது இங்கிலீஷ்காரர்கள் உழவுக் குதிரையைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். தற்செயலோ, யாருடைய குறும்போ!) தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

பாயிடம் இதையெல்லாம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "டாக்டரம்மா ஊசி போட்டுட்டுப் போயிட்டாங்க. அஞ்சு ராத்திரி அது எழுந்திருக்க முடியாம கெடந்துச்சு. யார் சார் கூட இருந்தது?" என்றார்.

அவர்தான் இருந்தார். படுத்தே கிடந்தால் உடம்பு புண்ணாகிவிடும் என்று, சில மணிக்கொரு தரம் நாலு பையன்களைக் கூப்பிட்டுப் புரட்டிப் போட்டார். அடியில் வைக்கோலை மாற்றினார். அந்த ஐந்து இரவும் கால்களை உருவிவிட்டார். ஆறாம் நாள் கயிறு கட்டித் தூக்கியபோது ராணி எழுந்து நின்றது. எழுந்தது மருந்தாலா, உருவியதாலா, அதன் ஆயுசு கெட்டியாலா என்று வைத்தியரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "மருந்து இல்லாமல் விட்டிருக்கமாட்டேன் சார். பாய் இல்லாமலும் விட்டிருக்கமாட்டேன்" என்றார்.

ராணி இனி ஊர்வலத்துக்குப் போகாது. சொந்தக்காரர் விற்றுவிடச் சொன்னார். பின்னங்கால் தள்ளாடுகிற குதிரையை யார் வாங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், எதற்கு வாங்குவார்கள் என்பதும் தெரியும். கொள்ளுச் செலவைப் பாயும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று பேசி முடித்தோம். இதைத் தர்மம் என்று யாராவது நினைத்தால் தவறு. கடன்.

போன வாரம் கொட்டகைக்குப் போயிருந்தேன். பாய் வாசலில் மணலைத் துடைப்பத்தால் சமமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கி முடித்து, ராணியை அதன்மேல் பத்தடி நடத்தினார். இடது குளம்பு சீய்த்த கோடு மணலில் விழுந்தது. மடியிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை எடுத்தார். அதில் வரிசையாகக் கத்தியால் கீறிய அடையாளங்கள். குனிந்து கோட்டை அளந்தார்.

"எப்படி பாய்?" என்றேன்.

"ஒரு சாண் சார். போன மாசமும் இதேதான்."

குச்சியை மடியில் செருகிக்கொண்டார். எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கினார். ராணி தலையைத் திருப்பி, அந்தக் கையைப் பார்த்துவிட்டு, பிடரியைக் கொடுத்துக்கொண்டு நின்றது.